டீச்சர் கையால்

மெல்லிய பீங்கான் தட்டு தரையில் விழாமலே விரிசல் விட்டதுபோல ஒரு சத்தம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுப்பின் பண்டிகையன்று, கோயிலை ஒட்டிய கூடத்தில், ஏலத்தில் எடுத்த தட்டை வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுமையில்லாமல் கோஷி மேடம் அங்கேயே மேஜைமேல் வைத்துக் கரண்டியை இறக்கியபோது கேட்டது. சர்க்கரை உருகிக் கண்ணாடியாக இறுகியிருந்த மேல்தோல் முதலில் ஒரு கோடாக விட்டது, அந்தக் கோட்டிலிருந்து நாலைந்து கோடுகள் கிளைத்தன, அடியில் அடைபட்டிருந்த பேரிக்காயின் ஆவி பட்டை வாசனையோடு எழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் பியூலாவின் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் இன்று காலை அவள் ஓவனிலிருந்து எடுத்த தட்டில் அது இல்லை. நனைந்த மண்சுவரில் விரல் இறங்குகிற மாதிரி கரண்டி சத்தமில்லாமல் இறங்கியது. மேலே மாவு வெளுத்துத் திட்டுத்திட்டாக நின்றது, வாயில் வைத்தால் மேல்அண்ணத்தில் ஒட்டியது. தட்டை அப்படியே குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். இப்போது மணி பன்னிரண்டே முக்கால். மூன்று மணிக்கு ஜெனோவா வண்டியோடு வருவாள். கூடையில் மிச்சம் இருப்பது ஏழு பேரிக்காய். எழுபத்தாறு வயதில், முப்பத்திரண்டு வருஷம் தமிழ் டீச்சராக இருந்து, ஊர் முழுக்க அந்தப் பண்டத்துக்காகப் பேர்வாங்கி, பியூலா இன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் செய்கிறாள். அதைச் செய்துவந்தவள் சவரியம்மாள். பதினெட்டு வருஷம் செய்தாள். இப்போது நாயுடுபுரத்துச் சரிவில் மகள் வீட்டில் கட்டிலில் கிடக்கிறாள், டாக்டர் நாள் சொல்லிவிட்டார்.

நேற்றுக் காலை ஜெனோவா போன் செய்தாள். சவரியின் மகள், முப்பத்துமூன்று வயது, மருந்துக் கடையில் வேலை. "டீச்சர், அம்மாவுக்கு ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல. கஞ்சித் தண்ணி வச்சாக்கூட ஓரமா வழிஞ்சிருது. இன்னிக்கு விடியக் கண்ணத் தொறந்து, அந்தப் பேரிக்கா பண்டம் வேணும்னுச்சு." பழத்தின்மேல் மாவு பரப்பி வேகவைக்கிற அதற்குக் காப்ளர் என்று பேர், அந்தப் பேரைச் சவரி ஒருநாளும் சொன்னதில்லை, அந்தப் பேரிக்கா பண்டம் என்றுதான் சொல்வாள். "நீயே செஞ்சு குடுக்கலாமே, ஜெனோவா?" என்று பியூலா கேட்டாள். "எனக்குத் தெரியாது டீச்சர், அம்மா எனக்குச் சொல்லித் தந்ததே இல்ல. அதோட, டீச்சர் கையால செஞ்சது வேணுமாம். அப்படித்தான் சொல்லுச்சு. ரெண்டு தடவ சொல்லுச்சு." டீச்சர் கையால. அந்த இரண்டு சொல்லும் நேற்றிலிருந்து பியூலாவுக்குள் சேலை முந்தானையில் ஒட்டின முள்போல எங்கே திரும்பினாலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. டீச்சர் கை அதைத் தொட்டதேயில்லை என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும், அதில் ஒருத்தி கேட்கிறாள், இன்னொருத்தியிடம் கேட்கிறாள். அப்படியானால் இது குத்தலா? சாகக் கிடக்கிறவள் குத்துவாளா? சவரி குத்துகிறவள்தான். பாத்திரம் விளக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமலே, ஊசி இறங்கியது தெரியாமல் குத்துவாள். "டீச்சருக்கு என்ன, சாமி வாயில நாக்க மட்டுமா குடுத்திருக்கு, நாக்குல பேனாவும் குடுத்திருக்கு" என்று ஒருநாள் சொன்னாள், பியூலா அதைப் பாராட்டு என்று நினைத்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள். இல்லை, குத்தலில்லை, பழைய ருசியின் ஆசை, அவ்வளவுதான். ஆனால் ஆசை என்றால் டீச்சர் கையால என்று ஏன் சொல்ல வேண்டும், அதையும் இரண்டு தடவை.

முதல் பேரிக்காயைத் தோல் சீவினாள். இந்த மலைப் பேரிக்காய் கல் மாதிரி இருக்கும், கத்தி வழுக்கும், மணிக்கட்டு வாதம் பிடித்த கைக்கு இது வேலையே இல்லை. தோல் நீண்ட சுருளாக வரவேண்டும் என்பது கிடையாது, ஆனால் சவரி சீவினால் அப்படித்தான் வரும், ஒரே சுருளாக, அதை எடுத்துச் சின்ன ஜெனோவாவின் காதில் கம்மல் மாதிரி தொங்கவிடுவாள். பியூலாவின் தோல் சில்லுசில்லாக உதிர்கிறது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் துண்டங்களைப் போட்டாள், இல்லாவிட்டால் கறுத்துவிடும், இது அவளுக்குத் தெரியும், இது சமையல் புத்தகத்திலும் இருக்கிறது. சவரிக்கு இந்தப் பண்டம் வந்த வழியே ஒரு கதை. அவள் அம்மா ஒரு அமெரிக்கப் பாதிரியார் வீட்டில் ஆயாவாக இருந்தவள், அந்த வீட்டுச் சமையலறையில் முக்காலிமேல் ஏறி நின்று எட்டு வயதில் சவரி பார்த்துப் பழகியது. எழுத்துத் தெரியாது, அளவு தெரியாது, கையில் அள்ளினால் அதுதான் அளவு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, செப்டம்பரில், ஒரு மழைநாளில், தகரப்பெட்டி ஓவனை ஸ்டவ்மேல் ஏற்றிச் செய்து, "தின்னு பாருங்க டீச்சர், எங்க தொரசானி வீட்டுப் பலகாரம்" என்று கொண்டுவந்து வைத்தாள். பியூலா தின்றாள். வெளியே மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுத்தியதுபோல நின்றது, வாய்க்குள் சூடான பழம் கரைந்தது, தாய் தகப்பன் போன பிறகு, பாளையங்கோட்டையை விட்டு இந்தக் குளிரூருக்கு வேலைக்கு வந்து ஒண்டிக்கட்டையாக இருந்த பத்து வருஷத்தில், யாரோ தனக்காக அடுப்பு மூட்டினார்கள் என்று முதல்முறையாகத் தோன்றியது. அதை அவளிடம் சொன்னாளா? சொல்லவில்லை. "சர்க்கரை கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்று சொன்னாள். சீ.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்குச் சபையார் ஒவ்வொருவரும் அவரவர் கையில் விளைந்ததையும் செய்ததையும் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். கேரட் கட்டு, கோழி, முட்டை, பூச்செடி, கேக். ஆராதனை முடிந்ததும் கூடத்தில் ஏலம் நடக்கும். பியூலாவுக்குத் தோட்டமும் கிடையாது, கோழியும் கிடையாது. சவரி செய்துகொடுத்த தட்டை வெள்ளைத் துணி போட்டு மூடி எடுத்துப்போனாள். ஏலம் கூவிய தேவதாஸ் ஐயா தட்டைத் தூக்கிப்பிடித்து, "இதோ நம்ம பியூலா டீச்சர் கைப்பலகாரம்!" என்றார். அவர்தான் முதலில் சொன்னது. பியூலா சொல்லவில்லை, மறுக்கவில்லை, அவ்வளவுதான். சிரித்தாள். ஏதோ பெயர்தெரியாத பூவைத் தலையில் யாரோ வைத்துவிட்டால் அதைக் கழற்றாமல் இருப்பதுபோல இருந்தாள். அடுத்த வருஷம் மறுபடி. அதற்கடுத்த வருஷம் ஏலத்துக்கு முன்பே ஆள்கள் "டீச்சர் தட்டு எப்போ வரும்" என்று கேட்கத் தொடங்கினார்கள். சவரி ரோமன் கத்தோலிக்க சபை, அவள் கோயில் வேறு, பூசை வேறு, அன்றைக்கு அவள் இந்தக் கூடத்துக்கு வரவேண்டிய வேலையே கிடையாது. மறுநாள் காலை ஆறரைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "ஏலம் நல்லாப் போச்சா டீச்சர்?" என்று கேட்பாள். "ம், நல்லாப் போச்சு" என்பாள் பியூலா. இதே பியூலாதான் பக்கத்துப் பெஞ்சுக்காரியின் கட்டுரையைப் பார்த்தெழுதிய ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை வெளியே குளிரில் நிற்கவைத்தவள். சொந்த நடையில் எழுதுக என்று எத்தனை வினாத்தாளில் எழுதியிருப்பாள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, ரெஜினாவா, ரெபேக்காளா. மூக்கு சிவந்து நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

துண்டங்களை வாணலியில் போட்டுச் சர்க்கரையும் பட்டையும் சேர்த்து மெல்லிய தீயில் வைத்தாள். சாறு கசிந்து கொப்புளம் விடுகிறது. கிளறுவதற்கு மரக்கரண்டியைத் தேடினால் அது சவரி வைத்த இடத்திலேயே இருந்தது, அவள் வேலைக்கு வருவதை நிறுத்திய ஒன்பது வருஷமாக, ஜன்னலோர ஆணியில். கோஷி மேடம். அந்தச் சத்தம் வந்த அன்றைக்கு, ஒரு கரண்டி தின்று, கண்ணை மூடி, மறுபடி ஒரு கரண்டி தின்று, பியூலாவை ஓரமாகக் கூட்டிப்போனாள். "டீச்சர், நிஜத்தைச் சொல்லுங்க, இது யார் கை? ஏரிக்கரையில பேக்கரி திறக்கிறோம். இந்தக் கைக்கு என்கிட்ட வேலை இருக்கு. தங்க வீடும் குடுப்போம், நல்ல ஓட்டு வீடு, ஒழுகாது." ஒழுகாது என்ற சொல் வந்ததும் பியூலாவுக்கு முந்தின வாரம் சவரி சொன்னது காதில் விழுந்தது, "ராத்திரி மூணு சட்டி வச்சேன் டீச்சர், மூணும் ரொம்பிருச்சு, நாலாவதா என் மகளை வச்சிருக்கலாம்" என்று சிரித்தாளே, அந்தத் தகரக்கூரை வீட்டில் ஜெனோவா இரவெல்லாம் உட்கார்ந்தபடியே இழுத்து இழுத்து மூச்சுவிட்டாளே, பதினோரு வயதுப் பிள்ளை. எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமல் பேசிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. வந்தது, தெளிவாக வந்தது, வந்த பிறகுதான் வாய் திறந்தது. "என் கைதான்" என்றாள். கோஷி மேடம் அவளுடைய விரல்களைப் பார்த்தாள், சிவப்பு மசிக்கறை படிந்த விரல்களை. "அப்படியா, டீச்சரை நான் வேலைக்குக் கூப்பிட முடியாதே" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று இருபத்திரண்டு வருஷமாக இதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறாள். பேர் போய்விடும் என்ற வெட்கம் பாதி. சவரி போய்விட்டால் நாளைக்குக் காலை ஆறரைக்கு யார் வந்து அடுப்பைப் பற்றவைப்பார்கள் என்ற பயம் பாதி. எது முதலில் வந்தது? வெட்கம் முதலில் வந்திருந்தால் கொஞ்சம் மன்னிக்கலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தாள். இப்போது இரண்டும் ஒரே வாணலியில் கொதித்துக் கரைந்துவிட்டன, எது எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

அடிப்பிடிக்கிற வாசனை. அடுப்பை அணைத்தாள். நல்லவேளை, பிடிக்கவில்லை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கிறது. பழத்தைத் தட்டில் பரப்பினாள். மேஜைமேல் புத்தகம் திறந்து கிடக்கிறது, சபையின் நூறாவது ஆண்டுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம் போட்ட சமையல் புத்தகம், நாற்பத்துமூன்றாம் பக்கம், பேரிக்காய் காப்ளர், செல்வி பியூலா தேவசகாயம், எம்.ஏ., பி.எட். கோஷி மேடம் விஷயம் நடந்து இரண்டு வருஷம் கழித்து வந்தது. சமையலறை வாசலில் விடைத்தாள் கட்டோடு நின்று அரைக்கண்ணால் பார்த்ததையெல்லாம் வைத்து, நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதிக்கொடுத்தாள். பத்து நாளில் சங்கத்து ஜெயசீலி கோயில் வாசலில் பிடித்துக்கொண்டாள். "ஏன் பியூலாக்கா, புத்தகத்தப் பாத்து அப்படியே செஞ்சேன், மாவு மாவா நிக்குது. எங்க வீட்டுக்காரரு, இது கேக்கா காரைப்பூச்சான்னு கேக்குறாரு. எதையோ ஒளிச்சு வச்சிட்டு எழுதியிருக்கீங்க, என்ன?" பியூலா ரகசியம் வைத்திருக்கிறவள் மாதிரி புன்னகை செய்தாள். அதைவிட மோசம், அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சேலையோடு அந்தப் புத்தகத்தில் ஒன்றையும் வைத்துச் சவரியிடம் கொடுத்தது. கொடுத்தாளே! புத்தி எங்கே போயிருந்தது. "ஜெனோவா படிச்சுக் காட்டுவா" என்று வேறு சொன்னாள். தன் பேர் அச்சில் வந்த பூரிப்பு, அது யாருடைய பொருள் என்பதையே மறைத்துவிட்டது. அடுத்த செப்டம்பரில் சவரி, "பழம் சரியில்ல டீச்சர்" என்றாள். பழம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்த செப்டம்பரில், "ஓவன் சூடு புடிக்க மாட்டேங்குது டீச்சர்" என்றாள். மூன்றாம் வருஷம் பியூலா கேட்கவில்லை. "டாக்டர் எனக்குச் சர்க்கரை வேண்டாம்னுட்டார், அதான் செய்யறதில்லை" என்று கோயிலில் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகும் சவரி ஒன்பது வருஷம் தினமும் வந்தாள், குழம்பு வைத்தாள், துணி துவைத்தாள், பியூலாவுக்குக் காலில் எலும்பு முறிந்தபோது தூக்கி உட்காரவைத்தாள். பேரிக்காய் சீசனில் இருவரும் கூடையைப் பார்க்காமல் நடமாடினார்கள். கேட்டிருக்கலாம். ஏன் செய்வதில்லை, சவரி? மூன்றே சொல். முழு ஆண்டுத் தேர்வுக்கு எத்தனை ஆயிரம் கேள்வி எழுதியவள்.

மைதாவும் பேக்கிங் பவுடரும் சலித்தாள், வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்தாள், பால் விட்டாள். மாவு கெட்டியாக இருக்கிறது. சவரியின் மாவும் கெட்டியாகத்தான் இருக்கும், கரண்டியைச் சாய்த்தால் யோசித்து யோசித்து விழும். பழத்தின்மேல் பரப்பினாள், மேலே சர்க்கரை தூவினாள். புத்தகத்தில் இதற்கு அடுத்த வரி: ஓவனில் வைத்து ஐம்பது நிமிடம் வேகவிடவும். காலையில் இதைத்தான் செய்தாள். இதையே மறுபடி செய்தால் இதே காரைப்பூச்சுதான் வரும், அதை எடுத்துக்கொண்டு போய் அவள் வாயில் வைக்கவேண்டும். வைத்து, உன் வாயிலிருந்து வேலையையும் வீட்டையும் தட்டிவிட்டவள் நான்தான் என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அவளை அனுப்ப முடியாது. சொல்லிவிடவேண்டும், இன்றைக்கே, அவளுக்குக் காது கேட்கிறபோதே, ஆனால் இந்தத் தட்டு இல்லாமல் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசல் ஏறவும் தைரியமில்லை. என்ன விட்டுப்போச்சு? வாசலில் நின்று பார்த்த மாலைவேளைகளில் ஒன்றை ஞாபகத்திலிருந்து பிடித்து இழுத்தாள். சமையலறை, மஞ்சள் விளக்கு, சவரியின் முதுகு, சிவப்புக் கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை. தகரப்பெட்டி ஓவன் சூடாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்து அடுப்பில் கெட்டில், மூடி தடதடவென்று ஆடுகிறது. டீ போடுகிறாள் என்றுதான் பியூலா எப்போதும் நினைத்தாள். ஆனால் டீ எப்போது வரும்? தட்டு ஓவனுக்குள் போய் அரைமணி கழித்துத்தான் வரும், அதற்குத் தனியாகத் தண்ணீர் வைப்பாள், அதில் இஞ்சி தட்டிப்போடுகிற சத்தம் வேறு தனியாகக் கேட்கும். அப்படியானால் முதல் கெட்டில் எதற்கு? சவரி கெட்டிலைத் தூக்குகிறாள், தட்டின்மேல் சாய்க்கிறாள், ஆவி அவள் முகத்தை மூடுகிறது. "பாத்து, தட்டில கொட்டிடாத!" என்று வாசலிலிருந்து கத்தியது யார்? தானேதான். சவரி திரும்பிப் பார்த்து, "கொட்டல டீச்சர், கொட்டல" என்று சொல்லிச் சிரித்தாள். கொட்டித்தான் இருக்கிறாள்! கொட்டிவிட்டுத்தான் சொன்னாள். பச்சை மாவின்மேல், தூவின சர்க்கரையின்மேல், கொதிக்கிற வெந்நீர். யாருக்காவது தோன்றுமா? எந்தப் புத்தகம் படித்தவளுக்காவது தோன்றுமா?

கெட்டிலை வைத்தாள். கொதித்து மூடி ஆடுகிறவரை நின்றாள். தூக்கும்போது இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தாள். பாழாக்கிவிட்டால் வேறு பழம் இல்லை, வேறு நேரமும் இல்லை. எவ்வளவு ஊற்றுவது? அவள் கெட்டிலைச் சாய்த்துப்பிடித்த நேரம் எவ்வளவு, ஒரு மூச்சா, இரண்டு மூச்சா? இரண்டு மூச்சு என்று வைத்துக்கொண்டாள். ஊற்றினாள். சர்க்கரை கலங்கி ஓடியது, மாவு குளமாகி அசிங்கமாகத் தெரிந்தது, கெடுத்துவிட்டேன், கெடுத்தேவிட்டேன். இருந்தாலும் ஓவனில் வைத்துக் கதவைச் சாத்தினாள். மணி ஒன்று ஐம்பது. நாற்காலியை இழுத்துப்போட்டு ஓவன் கண்ணாடிக்கு எதிரே, பரீட்சை மேற்பார்வைக்கு உட்காருவது மாதிரி உட்கார்ந்தாள். நாயுடுபுரம் இங்கிருந்து எவ்வளவு தூரம், இரண்டு மைல் இருக்குமா, ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை போனாள்? மூன்று. ஒரு கிறிஸ்துமஸ், சவரி புருஷனின் அடக்கம், போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று. போன மாதம் சொல்லியிருக்கலாம். சவரி சுவர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பேச்சு தெளிவாக இருந்தது, "டீச்சர், உங்க ஸ்வெட்டர்ல பட்டன் போயிருச்சே, யாரும் தச்சுக் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். பியூலா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். சவரி, உனக்கு ஒரு வேலை வந்தது, நான் தடுத்துவிட்டேன். இல்லை, தடுத்துவிட்டேன் என்பது தப்பு, தடுப்பது என்றால் கை நீட்ட வேண்டும், நான் வாயை மட்டும்தான் திறந்தேன். உனக்கு வரவேண்டியதை நான் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். இது சரியாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்பதைச் சேர்ப்பதா? அது அவளிடம் இன்னொன்று கேட்பதாகிவிடும். சாகிறவளிடம்கூட வாங்கத்தானா போகிறாய்? வாக்கியத்தை அடித்து அடித்துத் திருத்தினாள், மனசுக்குள்ளும் சிவப்பு மசிதான். கோஷி மேடம் பேக்கரிக்கு வேறொரு பெண் வந்தாள், அந்த ஓட்டு வீட்டில் இருந்தாள், வாசலில் டேலியா வைத்திருந்தாள், பியூலா அந்தப் பாதையில் நடப்பதை நிறுத்திவிட்டாள். கண்ணாடிக்குள் மாவு உப்புகிறது. குளமாக நின்றது காணாமல் போயிற்று. மேல்பக்கம் பளபளவென்று, எண்ணெய் தடவின நெற்றிபோல. பிறகு மெல்லப் பொன்னிறமானது. பிறகு, யாரும் தொடாமலே, ஒரு கோடு விட்டது.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு தட்டுகிற சத்தம். ஜெனோவா வாசற்படியிலேயே நின்று, ஒரு கையால் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து மருந்துக்குழலை எடுத்து இரண்டு தடவை வாயில் அழுத்தி இழுத்தாள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இருபது படிதான். பியூலா அந்த மூச்சு அடங்குகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். "வாசன கீழ வரைக்கும் வருது டீச்சர்" என்றாள் ஜெனோவா. "அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சேலையில இதே வாசனதான். நான் மடியில மூஞ்சிய வச்சுக்குவேன்." பியூலா நாற்காலியைக் காட்டினாள். "உக்காரும்மா. அங்க வந்து உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். அத முதல்ல உன்கிட்டச் சொல்லிடறேன், சொல்லாம உன்கூட வண்டியில உக்கார முடியாது." திருத்தி வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. துண்டுதுண்டாகத்தான் வந்தது, ஏலம், கோஷி மேடம், பேக்கரி, வீடு, நான்தான் செய்தேன் என்று சொன்னது. ஜெனோவா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "கோஷி மேடமா? அவங்கதான் எங்க வீட்டுக்கே வந்தாங்களே டீச்சர்" என்றாள்.

"எப்போ?"

"ஏலம் அன்னிக்குச் சாயங்காலமே. டீச்சர் வீட்ல சமைக்கிறது சவரின்னு யாரோ சொல்லியிருக்காங்க. நேரா வந்து, டீச்சர் தன் கைதான்னாங்க, நெசத்துல நீதான செஞ்சன்னு கேட்டாங்க. நான் அப்ப ஆறாவது, கதவுக்குப் பின்னால நிக்கிறேன். அம்மா, இல்லம்மா, டீச்சர்தான் செஞ்சாங்க, நான் பாத்திரம் கழுவுறவன்னுருச்சு."

"ஏன்? ஏன் ஜெனோவா?"

"நானும் கேட்டேன். அம்மா சொல்லுச்சு, 'கோயில்ல வச்சு அப்படிச் சொல்லியிருக்காங்கடி. நான் மாத்திச் சொன்னா அந்தப் பொம்பள நாளைக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கும்? அதுக்கு யாரு இருக்கா?'ன்னுச்சு." ஜெனோவா மருந்துக்குழலைப் பைக்குள் போட்டாள். "அப்புறம் நீங்க குடுத்த புஸ்தகத்தப் படிச்சுக் காட்டினப்பதான் அம்மா கொஞ்சம் கோவப்பட்டுச்சு. பேரு போட்டதுக்கு இல்ல டீச்சர். ரெண்டாந்தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, 'கூடவே நின்னாங்க, ஒருநாளாச்சும் என்ன செய்யிறன்னு ஒழுங்கா பாக்கலையே'ன்னுச்சு. அதுக்கப்புறம் செய்ய மனசு வரலன்னுச்சு."

அந்த ஏலத்துக்கு மறுநாள் காலை ஆறரைக்குச் சவரி வந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். ஏலம் நல்லாப் போச்சா டீச்சர் என்று கேட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டு, முந்தின சாயங்காலம் ஒழுகாத வீட்டை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு வந்து, கேட்டாள். ஒரு வாசல் திறந்து வைத்தாள் என்றுகூடச் சொல்லலாம், வேண்டுமானால் இப்போது சொல்லுங்கள் என்று. இவள் என்ன சொன்னாள்? ம், நல்லாப் போச்சு. அதற்குப் பிறகு எத்தனை காலை, எத்தனை ஆறரை. "அப்போ இப்ப எதுக்கு என் கையால கேக்குறா?" என்று பியூலா கேட்டாள். ஜெனோவா கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தாள். "முந்தாநாள் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டாரு. அவர் போனப்புறம் அம்மா, 'செஞ்ச பாவம் எல்லாத்தையும் சாமியார்கிட்டச் சொல்லிட்டேன், கோஷியம்மாகிட்டச் சொன்ன பொய்ய மட்டும் சொல்லல'ன்னுச்சு. ஏன்னு கேட்டா, 'சொன்னா டீச்சர் பேரும் சேந்து வரும். டீச்சர் ஒரே ஒரு தடவ தன் கையால செஞ்சுட்டா, நான் சொன்னது பொய்யில்லன்னு ஆயிரும்ல'ங்குது. வெளங்காத கணக்கு. மருந்து மயக்கமோ என்னமோ. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க டீச்சர்." கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பியூலா தட்டைத் துணி போட்டுச் சுற்றினாள். சூடு துணியைத் தாண்டி உள்ளங்கையில் ஏறியது. ஜெனோவா வாங்கக் கை நீட்டினாள், பியூலா கொடுக்கவில்லை, இருபது படியையும் தானே பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சவரியம்மாள் அன்று மூன்று கரண்டி தின்றாள். பியூலா தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லவேண்டியதைச் சொல்லத் தொடங்கியபோது, அவள் விரலை லேசாக அசைத்து, "பட்ட கொஞ்சம் தூக்கல் டீச்சர்" என்றாள், அதோடு கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை இறந்துபோனாள். பங்குக் கோயில் இறப்புப் பதிவேட்டில் பேர், வயது, கணவன் பேர் எல்லாம் ஜெனோவா சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதினார், பியூலா பக்கத்தில் நின்றிருந்தாள். தொழில் என்ற கட்டத்தில் வீட்டு வேலை என்று எழுதியிருக்கிறது.